பின்சீட்டுக் கணையம்

உயிரியல் பாடத்தைச் சரியாகப் படித்த ஒரே மனிதப் பிறவியை எனக்குத் தெரியும். அவரும் பிளஸ் டூவில் அதே பாடத்தில் ஃபெயிலானவர்தான். தேர்ச்சியைப் பற்றி ஓயாமல் பெருமை பேசும் எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் ஃபெயிலாவதற்கே தனித் துணிச்சல் வேண்டும்.

நிஜப் பெயர் என்னவோ, பஸ்ஸில் எல்லோருக்கும் அவர் 'கணையம்'. நான் விருதுநகரில் ஏறி, சிவகாசி அச்சகம் ஒன்றுக்குப் பிழை திருத்தப் போகிறவன். அவர் ஆமத்தூரில் ஏறிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர். இருபத்தைந்து வயதுப் பெண். முதல் நாளே டிக்கெட் வாங்கிக்கொண்டு, "அண்ணே, கணையம் எங்கன இருக்கு?" என்று கண்டக்டரைக் கேட்டார்.

"இந்த வண்டி அங்கன நிக்காதும்மா" என்றார் கண்டக்டர்.

பெயர் நிலைத்துவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை எதிரில் அகப்பட்டவரிடம் கேட்பதும், அவருக்குத் தெரியாவிட்டால் தானே விளக்குவதும் அம்மணியின் பழக்கம். ஒரே மாதத்தில் கண்டக்டர் இன்சுலின் பற்றி டிரைவருக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நானும் ஒரு காலத்தில் உயிரியல் படித்தவன். "முக்கியமான வரிக்கு மஞ்சள் பேனாவால கோடு போட்டுப் படிக்கணும்மா" என்று சொல்லி, ஒரு பக்கத்தில் செய்தும் காட்டினேன். முடித்தபோது கோடு விழாத வரி இரண்டுதான் பாக்கி.

அவர் புத்தகத்தை வாங்கிப் பட்டென்று மூடினார். "இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி."

"எதை?"

"இம்புட்டு நேரம் மஞ்சள் பூசுனீகளே, அதை."

எனக்குத் தும்மல் வந்தது. அச்சகத்துக் காகிதத் தூசியால் தினமும் வருவதுதான். அன்று மட்டும் வேண்டிய நேரத்தில் வந்தது.

அவருடைய முறை வேறு. பட்டாசுக் கம்பெனியில் ஓர் அறைக்கு நாலு பேர்தான் உட்காரலாம். அறைக்கும் அறைக்கும் இடைவெளி உண்டு, ஒன்றில் பற்றினால் மற்றதற்குப் பரவக்கூடாதே. பாடத்தையும் அவர் அப்படியே கட்டியிருந்தார். ஓர் அறைக்கு நாலு விஷயம். பிறகு கொஞ்சம் அரட்டை, ஒரு கடலை மிட்டாய். அப்புறம்தான் அடுத்த அறை. மூன்று நாள் கழித்து முதல் அறைக்குத் திரும்ப வருவார்.

"அதான் அன்னைக்கே படிச்சிட்டியே?"

"காஞ்சிருக்கான்னு பாக்கணும்ல அண்ணாச்சி? ஈரத்தோட பெட்டியில அடைச்சா தீவாளிக்குப் புஸ்ஸுன்னு போயிரும்."

இதயம் பதினொன்றாம் வகுப்புப் பாடம். ஆசைக்கு அதையும் படித்தார். "நாலு அறை! கதவெல்லாம் கச்சிதம்! முறையா லைசென்ஸ் வாங்கிக் கட்டுன கட்டடம் அண்ணாச்சி!" என்று பூரித்துப்போனார். ஐந்து பேர் உட்காரும் பின்சீட்டில்கூட நாங்கள் நாலு பேர்தான்: அவர், அவரோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், நான். ஐந்தாவது இடம் அவருடைய புத்தகப் பைக்கு.

"ஏத்தா, இது பஸ்ஸா, பட்டாசு ரூமா?" என்று கண்டக்டர் தினமும் கத்துவார்.

இவ்வளவு பாடும் எதற்கென்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கம்மா கை வெந்து ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. என்ன ஊசி போடுறீகன்னு நர்சக்காவைக் கேட்டேன். சொன்னா உனக்குப் புரியவா போகுதுன்னுட்டாக. புரிஞ்சுக்கிட்டாத்தான் ஆச்சுன்னு ஆயிருச்சு."

நர்சிங்கில் சேர உயிரியலில் பாஸாக வேண்டும். இதுதான் கடைசித் தடவை என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

பரீட்சைக்கு முதல்நாள் புத்தகத்தை என் கையில் கொடுத்து, நோய் எதிர்ப்புப் பாடத்தை ஒப்பித்தார். எதிர்ப்பொருள்கள், அதாவது ஆன்டிபாடிகள், வகை வகையாக வந்தன. எண்ணினேன். நாலு. புத்தகத்தில் ஐந்து இருந்தது.

"அஞ்சாவது எங்கம்மா?"

"அந்த ஒவ்வாமைக்காரனா? அவன் வெளிய நிக்கட்டும் அண்ணாச்சி. ஒரு ரூமுல அஞ்சு பேரை வச்சா லைசென்ஸ் போயிரும்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பிழை திருத்துவது என் தொழில். கண்ணில் பட்ட பிழையைச் சிரித்தே விட்டுவிட்டவன் நான்.

பரீட்சைக்கு மறுநாள் வாடிய முகத்தோடு ஏறினார்.

"அஞ்சு வகையும் எழுதச் சொல்லிட்டாக அண்ணாச்சி. நாலு பேரும் வரிசையா வந்தாக. அஞ்சாவது ஆளு வெளியவே நின்னுட்டான். தெனமும் உங்க தும்மலைக் கேட்டும் எனக்கு அவன் நெனப்பு வரலையே!"

கொஞ்ச தூரம் போனதும் அவரே, "அவனுக்குப் பக்கத்துல தனியா ஒரு ரூம் கட்டியிருக்கணும்" என்றார்.

ரிசல்ட் வரும்வரை எனக்குச் சரியான தூக்கமில்லை. நான் பிளஸ் டூ எழுதியபோது நிம்மதியாகத் தூங்கியவன்.

ரிசல்ட் அன்று ஆமத்தூரில் ஏறியவர் பின்சீட்டுக்கு வந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார். டிரைவர் திரும்பிப் பார்த்தார். வண்டியில் ஒருவரும் "நேரமாச்சு" என்று சொல்லவில்லை.

"பாஸு அண்ணாச்சி."

"கணையம் பாஸு! போலாம் ரைட்!" என்று கண்டக்டர் ஊதிய விசில் மல்லாங்கிணறு வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்போது அவர் மதுரையில் நர்சிங் படிக்கிறார். பின்சீட்டில் நாங்கள் மூன்று பேர். நேற்று ஒருவர் ஏறி, என் பக்கத்து இடத்தைக் காட்டி, "இங்கன ஆள் இருக்கா?" என்று கேட்டார்.

"ஆள் வருது" என்றேன்.