கழட்டி சார் கழட்டிய பைத்தான்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்ப்யூட்டரைப் பட்டினி போட்டே வளர்த்த ஒரே மனிதர் எங்கள் கழட்டி சார்தான். இரும்புக் கம்பி செய்யும் எங்கள் ஆலையில் சிஸ்டம் டிபார்ட்மென்ட் என்றால் அவர் ஒருவர்தான். புது கம்ப்யூட்டர் வந்தால் மற்ற இடங்களில் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். இவர் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக நீக்க ஆரம்பிப்பார். சீட்டாட்டம் போயிற்று, சரி. காலண்டர் போயிற்று. கால்குலேட்டரும் போன அன்று, சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் நாங்கள் விரல்விட்டு எண்ணினோம்.

கேட்டால் ஒரே பதில்: "ஊடு வாங்குனா ஊட்டை மட்டும் குடு. கட்டிலை நான் பார்த்துக்கறேன்." இதை அவர் கேன்டீனில் சொல்லாத நாள் இல்லை. கேட்கத்தான் ஆள் இருக்காது.

ஒருநாள் எடைமேடை கம்ப்யூட்டரில், இயங்குதளத்தோடு பைத்தான் என்ற நிரல்மொழியும் சேர்ந்தே வந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அதற்குள் எங்கள் ஸ்டெல்லா, ஊத்துக்கோட்டையிலிருந்து வரும் கான்ட்ராக்ட் பெண், அந்த மொழியில் இருபது வரி எழுதிவைத்திருந்தாள். லாரி மேடையேறி நின்றால் எடை தானே சீட்டில் அச்சாகிவிடும். அது தெரிந்தும், "இது இங்க இன்னா பண்ணுது? நான் கேட்டனா?" என்றார்.

ஸ்டெல்லா பணிவாகத்தான் சொன்னாள். "கூடவே வந்ததாலதான் சார் நான் கத்துக்குனேன். தனியா போடணும்னா உங்க கையெழுத்துக்கே மூணு மாசம் நிக்கணும்."

அது உண்மை, அதனாலேயே அவருக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் காலை பைத்தானை நீக்கினார். ஸ்டெல்லாவின் சீட்டு மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த இயங்குதளமே தன் பாதி வேலையைப் பைத்தானை வைத்துத்தான் செய்துகொண்டிருந்ததாம். மகானுக்கு அது தெரியாது. திரை கறுத்துவிட்டது. பதினோரு மணிக்கு லாரி வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றது. டிரைவர்கள் தமிழிலும் தெலுங்கிலும் அவரைப் பற்றிப் பேசியதை அச்சில் போட முடியாது.

மேனேஜர் வந்தார். யாரையும் விசாரிக்கவில்லை. கண்டதை எழுதி மிஷினைக் கெடுத்தது ஸ்டெல்லாதான் என்று அவரே முடிவுகட்டி, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துவிட்டாள். நான் கழட்டி சாரைப் பார்த்தேன். சும்மா இருந்தாலே போதும், தப்பித்துவிடலாம். கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்தார்.

"அந்தப் பொண்ணு எழுதுனது ஒண்ணும் பண்ணல சார். நான்தான் கழட்டுனேன். தெரியாம கழட்டிட்டேன்."

தனக்கு ஒன்று தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்று மட்டும்தான். மாலைக்குள் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார், பைத்தான் உட்பட. ஸ்டெல்லாவின் வேலை தப்பியது. அவரை மாதக் கடைசியில் அனுப்பிவிட்டார்கள். அப்போதும் கொள்கையை விடவில்லை. கேட்காததைத் தலையில் கட்டுவது அநியாயம் என்று கேட் செக்யூரிட்டியிடம் கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் போனார்.

அவர் இடத்துக்கு இப்போது வந்திருப்பவர் எல்லாம் தெரிந்தவர். எது நின்றாலும், அதற்குத் தான் காரணமில்லை என்று ஐந்து பக்கத்துக்கு மெயில் அனுப்புகிறார். ஒவ்வொரு மெயிலையும் படித்து முடித்ததும், கழட்டி சாரை ஒருதடவை பார்த்துவிட்டு வரலாம் போலிருக்கிறது எனக்கு.