நாற்பது விநாடி செல்லோ

"அந்தச் சோகத்தை இன்னொரு தடவை போடும்மா," என்றார் டைரக்டர்.

திரையில் இளவரசரின் பொய்முடி நழுவி சூப் கிண்ணத்தில் விழுந்தது. பின்னணியில் செல்லோ, அதாவது முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி வாசிப்பார்களே அந்தப் பெரிய வயலின், அடித்தொண்டையில் அழுதது. முடி மூழ்க மூழ்க அது ஒப்பாரி வைத்தது. டைரக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று மாதமாகத் தன் நகைச்சுவைத் தொடரைப் பார்த்து ஒருமுறைகூடச் சிரிக்காத மனிதர்.

ஒலி எடிட்டர் மறுபடி ஓட விட்டாள்.

அவளை அங்கே 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று கூடவே வந்த அம்மா, வரவேற்பறையில் எல்லார் காதிலும் விழும்படி, "எங்க வம்சத்துலயே முதல் டிகிரி இவதான்" என்று சொல்லிவிட்டுப் போனதன் விளைவு.

தொடர் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஓர் அரண்மனையில் நடப்பது. அந்தக் காலத்துச் செவ்வியல் இசைதான் பின்னணியில் வரவேண்டும். சரியான இசை அமையும்வரை எதையாவது போட்டு இடத்தை நிரப்பி வைப்பது எடிட்டிங் அறை வழக்கம். பிறகு அதைத் தூக்கிவிடுவார்கள். அன்று காலை இசைத் தொகுப்பு இருக்கும் கணினி படுத்துவிட்டது. அவசரத்துக்கு டிகிரி தன் செல்போனில் இருந்த நாற்பது விநாடிப் பதிவு ஒன்றை எடுத்து ஒட்டினாள். அவள் குடியிருக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் யாரோ பயிற்சி செய்யும் செல்லோ.

ரசித்துப் பதிவு செய்ததல்ல. வீட்டுக்காரரிடம் புகார் கொடுக்க ஆதாரம். புகாரைக்கூட எழுதி வைத்திருந்தாள். கொடுப்பதற்குள் ஒரு சாயங்காலம் செல்லோ சத்தம் வரவில்லை. அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆள் தெரியாத ஊரில், தன் பக்கத்தில் ஓர் உயிர் இருக்கிறது என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது. புகாரைக் கிழித்துப் போட்டாள். பதிவை அழிக்க மனம் வரவில்லை.

"யாரோடது இது?" என்றார் டைரக்டர்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை நிரந்தரக் கடிதம் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. அந்தக் கட்டிடத்தில் எல்லாரும் ஏழு வயதில் பியானோ படித்தவர்கள். அவள் ஏழு வயதில் தண்ணீர்க் குடம் தூக்கியவள். 'பக்கத்து வீட்டுச் சத்தம் சார்' என்று அவர்கள் நடுவில் சொல்ல நாக்கு எழவில்லை.

"பழைய ஆள் சார். பேருதான் சட்டுன்னு வரலை."

டைரக்டர் உடனே இசை ஆலோசகரைக் கூப்பிட்டார். தொடரில் காலம் பிந்திய ஒரு சுரம்கூட நுழையாமல் காவல் காப்பது அவர் வேலை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இசை தெரிந்தவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள், தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்து மூடிக்கொள்வார்கள். அறையே கண்ணை மூடியது.

திறந்தபோது அவர் தெளிவாக இருந்தார். அரண்மனை வாத்தியக்காரர் ஒருவர் எழுதியது, மனைவி இறந்த பிறகு எழுதியது, நடுவில் வில் தடுக்குகிறதே, அது விம்மல் என்றார். அந்த இடத்தில் பக்கத்து அறையில் குக்கர் விசில் அடித்ததால் வாசிப்பவர் திடுக்கிட்டார் என்பது டிகிரிக்குத் தெரியும். விசிலை அவளேதான் வெட்டியிருந்தாள்.

எப்படியாவது அந்தப் பதிவை மறைத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்தாள். ஒலித்தரம் போதவில்லை, நல்ல கலைஞர்களை வைத்துப் புதிதாக வாசித்துவிடலாம் என்று தானே யோசனை சொன்னாள். நான்கு பேர் வந்தார்கள். ஒரு பிசிறு இல்லாமல் வாசித்தார்கள். டைரக்டர் முகம் தொங்கிவிட்டது. விம்மல் எங்கே என்று கேட்டார். நால்வரும் ஒரு மதியம் முழுக்கத் தப்பாக வாசிக்கப் பழகினார்கள். முப்பது வருஷப் பயிற்சி விடவில்லை.

"வேண்டாம். அதையே வச்சுக்கலாம்," என்றார் டைரக்டர். "டைட்டிலுக்கும் அதையே போட்டுடு. இப்ப இருக்கற டைட்டில் மியூசிக்கைத் தூக்கிடு."

தொடரின் இசையமைப்பாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு வருஷமாக ஓடும் தன் டைட்டில் இசையில் கைவைக்க எவனுக்குத் தைரியம் என்று ஆரம்பித்தவர், செல்லோவைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முடியும்வரை கேட்டார்.

"நான் போட்டது குதிரை ஓட்டம்," என்றார் கடைசியில். "இது மனுஷன். இப்படி ஒண்ணு எனக்கு இந்த ஜென்மத்துல வராது." டிகிரியின் கையைப் பிடித்து, கண்டெடுத்துக் கொடுத்ததற்கு நன்றி என்றார். அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

மறுநாள் சட்டப் பிரிவிலிருந்து ஒரு தாள் வந்தது. வாசித்தவர் யார், இயற்றியவர் யார், வாசித்தவர் கையெழுத்து. சாயங்காலத்துக்குள் வரவேண்டும். அது வந்ததும் நிரந்தரக் கடிதத்திலும் கையெழுத்துப் போடுவதாக டைரக்டர் சொன்னார். வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினாள். பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள்.

திறந்தது மாடிப்படியில் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போகும் அக்கா. பஸ் டிரைவர். சீருடையைக்கூட மாற்றவில்லை. பின்னால் சுவரோரம் செல்லோ சாய்ந்திருந்தது.

டிகிரி எதையும் மறைக்கவில்லை. கேட்காமல் பதிவு செய்தது, புகார் எழுதியது, கிழித்தது, டைரக்டர் சிரித்தது, ஆலோசகர் விம்மல் கண்டுபிடித்தது, இசையமைப்பாளர் உட்கார்ந்துபோனது எல்லாவற்றையும் வாசலில் நின்றபடியே கொட்டினாள்.

"அக்கா, எங்க வீட்ல மன்னிப்பு கேட்டும் பழக்கமில்லை, நன்றி சொல்லியும் பழக்கமில்லை. எனக்கு ரெண்டும் சரியா வராது. ஆனா நீங்க வாசிக்கலேன்னா முதல் மாசமே மூட்டை கட்டிட்டு ஊருக்குப் போயிருப்பேன். வேலை போனாலும் பரவாயில்லை, உங்க பேரைப் போடாம அதை விடமாட்டேன்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பது வயதில் இது எதற்கு என்று சொந்த அண்ணனே கேலி செய்கிறான், இந்தக் கைக்கு இத்தனை பேர் காது கொடுத்தார்களா என்று இரண்டு முறை கேட்டாள். தாளைச் சுவரில் வைத்து, வாசித்தவர் என்ற இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை போல நிறுத்தி நிறுத்திப் பெயர் எழுதினாள். கையெழுத்தும் போட்டாள்.

"இயற்றியவர்னு ஒரு இடம் இருக்கு பாருங்க. அங்க யார் பேரைக்கா போடணும்?"

அக்கா பேனாவை நிறுத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன கண்ணு, என்கிட்டப் போய்க் கேக்கறே? உங்க தொடரோட டைட்டில் மியூசிக்தானே இது, ஞாயித்துக்கிழமையெல்லாம் நீ வேலையை வீட்டுக்குக் கொண்டாந்து திரும்பத் திரும்ப ஓட விடறதைச் சுவத்துல காதை வச்சுக் கேட்டுத்தான் கத்துக்கிட்டேன், அந்த வேகம் மட்டும்தான் இன்னும் என் கைக்கு வரலை."