பதினோரு மார்க் வாங்கிய புரோக்கர்

வீட்டை விற்கலாம் என்று வாயைத் திறந்து சொன்ன அந்த நிமிஷத்தை நினைத்தால் ஃபெயில் சாருக்கு இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. சொன்னதற்காக அல்ல. எதற்காகச் சொன்னார் என்பதற்காக.

ஃபெயில் சார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஓட்டுநர் உரிமம் கொடுக்கிற அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் பரீட்சை அதிகாரியாக இருந்தவர். மடியில் மார்க் தாளை வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால், எட்டே நிமிஷத்தில் ஒரு மனுஷனை எடை போட்டுவிடுவார். கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை எடுத்தாயா? ஃபெயில். பார்த்துவிட்டு எடுத்தாயா? ரொம்ப நேரம் பார்த்தாய், ஃபெயில். சொந்த மைத்துனரையே மூன்று தடவை ஃபெயில் பண்ணினார். அந்த மனுஷர் இன்னும் பஸ்ஸில்தான் போகிறார். இவரைக் கண்டால் பஸ் ஜன்னலிலேயே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அந்த வீடு அவரே வரைந்து, அவரே வெயிலில் நின்று கட்டியது. கீழே வண்டி நிறுத்த இடம், வராந்தா, ஒரு பெரிய கூடம், அவர் உட்கார்ந்து எழுத ஓர் அறை. என்ன எழுதுவார் என்று கேட்கக் கூடாது. சமையலறை, படுக்கையறை எல்லாம் மாடியில். "சமையக்கட்டு மேல இருந்தா காத்து பிச்சுக்கிட்டு வரும்" என்பது அவருடைய கண்டுபிடிப்பு. காற்று வந்தது, பொய் சொல்லக் கூடாது. காய்கறி மட்டும் தானாக வரவில்லை. பத்தொன்பது படி. இத்தனை வருஷமும் அதைத் தூக்கிக்கொண்டு ஏறியது அவர் மனைவி. இப்போது அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது.

ஒருநாள் காலை காபியை முன்னால் வைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"ஏங்க, டாக்டர் இனிமே படியே ஏறக் கூடாதுன்னுட்டார். இதை வித்துட்டு, மாடிப்படி இல்லாத சின்ன வீடா ஒண்ணு பாக்கலாமா?"

ஃபெயில் சாருக்கு நெஞ்சில் யாரோ சடன் பிரேக் போட்டது போல இருந்தது. என் வீட்டையா? ஒவ்வொரு சுவிட்சும் என் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்த வீட்டையா? ஆனால் முடியாது என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். சாயங்காலம் மகள் போன் பண்ணுவாள். மறுநாள் மாப்பிள்ளை போன் பண்ணுவார். அதற்கு மறுநாள் அந்த மைத்துனர் பஸ் ஏறி வந்து நியாயம் பேசுவார்.

அப்போதுதான் அவர் மூளையில் அந்தப் பாழாய்ப்போன யோசனை உதித்தது. விற்கலாம் என்று சொல்லிவிடுவது. தாகத்தில் தவிக்கிறவனுக்குத் தண்ணீர்கூட விற்கத் துப்பில்லாத ஒரு புரோக்கராகப் பார்த்து, வேலையை அவன் தலையில் கட்டுவது. ஆறு மாசம் போனதும், "என்னம்மா பண்றது, யாருமே வாங்க மாட்டேங்கறாங்களே" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, இதே நாற்காலியில் இதே காபியைக் குடிப்பது.

"சரி, வித்துடலாம்" என்றார்.

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நிஜமாவா சொல்றீங்க?"

"உன் காலைவிட எனக்கு வீடா பெருசு? ஒரே ஒரு கண்டிஷன். புரோக்கரை நான்தான் தேர்ந்தெடுப்பேன்."

"நீங்க பாக்காத ஆளுங்களா! விசாரிச்சு மூணு பேரை வரச் சொல்ற வேலை என்னுது. பாஸா ஃபெயிலான்னு சொல்றது உங்களுது. போதுமா?"

போதும் என்று சொல்லிவிட்டார். அடடா, அந்த இடத்திலாவது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மார்க் தாள் தயார். நேரம் தவறாமை இருபது, தொழில் அறிவு முப்பது, உடை பத்து, பேச்சு இருபது, பொது நடத்தை இருபது. ஆக நூறு. இதில் யார் கடைசியோ அவருக்கே வேலை. உலகத்தில் இப்படி ஒரு பரீட்சையை இவரைத் தவிர யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள்.

முதலில் வந்தது ஒரு கண்ணாடி போட்ட அம்மா. பத்து மணி என்றால் பத்து மணிக்கு மணியடித்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் வரும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஃபெயில் சார் கூட்டிப் பார்த்தார். தொண்ணூற்று நாலு! முப்பத்தோரு வருஷத்தில் இந்த எண்ணை அவர் பேனா எழுதியதே இல்லை.

"சொல்லியனுப்பறோம்மா" என்று வாசல் வரை போய், கேட்டையும் சாத்திவிட்டு வந்தார்.

இரண்டாவது ஆள் கோட்டுக்காரர். "சார், இது வீடில்ல சார், அரண்மனை" என்று வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டார். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. அதனாலேயே பயமும் வந்தது. இவ்வளவு இனிக்க இனிக்கப் பேசுகிறவன் விற்றாலும் விற்றுத் தொலைப்பான். அறுபத்தொரு மார்க் போட்டு அனுப்பிவிட்டார்.

மூன்றாவது ஆள் ஒரு மணி பத்து நிமிஷம் தாமதம். வழி தெரியாமல் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, அவர்கள் கூடத்தைப் பாதி அளந்த பிறகுதான் விஷயம் தெரிந்து இங்கே வந்திருக்கிறார். சட்டையில் பட்டன் ஒன்று மாற்றி ஒன்று. காதில் பேனா. ஆனால் எழுதுவதற்கு ஃபெயில் சாரிடம் பேனா கேட்டார்.

"சமையக்கட்டு எங்க சார்?"

"மாடியில."

"மாடியிலயா! எந்தப் புண்ணியவான் சார் இப்படி யோசிச்சது?"

"நான்தான்."

"அப்ப சரி சார்."

ஃபெயில் சாருக்குச் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் பொறுத்துக்கொண்டார். ரத்தினம் போல ஒரு முட்டாள் கிடைத்திருக்கும்போது மான அவமானம் பார்த்தால் ஆகுமா?

"வீட்டைப் பத்தி என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டார்.

அந்த மனுஷர் சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார். சும்மா தூக்கமா? ஜன்னல் கண்ணாடி அதிர்கிற குறட்டை. மூன்றாவது தடவை இருமியதும் திடுக்கிட்டு எழுந்தார்.

"வித்துடலாம் சார். கவலையே படாதீங்க. எந்த வீடு?"

ஃபெயில் சாருக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மொத்தம் பதினோரு மார்க். ஒருவழியாக வந்து சேர்ந்ததற்குப் பத்து, இரண்டு காலிலும் செருப்பு இருந்ததற்கு ஒன்று.

மனைவியிடம் சொன்னதும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயையோ, அந்தத் தூங்குமூஞ்சியா? வேண்டாங்க! அந்தக் கண்ணாடிக்காரம்மா எவ்வளவு பொறுப்பா பேசினாங்க!"

"பொறுப்பா பேசறவங்கதான் கழுத்தறுப்பாங்க. இவர் வெள்ளந்தி. சூது வாது தெரியாது."

"வீடே எதுன்னு தெரியலையேங்க அவருக்கு!"

"முப்பத்தோரு வருஷம் ஆளைப் பாத்தவன் நானா, நீயா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஃபெயில் சாருக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ச்சே, பாவம் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. அந்த ஒரு நிமிஷத்தில் மனசை மாற்றிக்கொண்டிருந்தால் அவர் மனுஷர். மாற்றிக்கொள்ளவில்லை.

"உங்க இஷ்டம்" என்றாள் அவள். "எனக்காக ஒரே ஒரு வரி மட்டும் அவரோட போடற பத்திரத்துல சேத்துடுங்க. நீங்க சொல்ற விலைக்கு ஆள் வந்தா, மறுபேச்சு இல்லாம குடுத்துடணும். அவ்வளவுதான்."

இவர் கொண்டுவரப்போகிறாராம், ஆள்! ஃபெயில் சார் தாராளமாகச் சேர்த்துக்கொண்டார். தன் பங்குக்கு இரண்டு வரி சேர்த்தார். ஆறு மாசத்துக்கு வேறு எந்தப் புரோக்கரும் இந்த வீட்டுக்குள் காலடி வைக்கக் கூடாது. விலையில் ஒரு பைசா குறைக்கக் கூடாது. விலையோ, அவர் வாய்க்கு வந்த விலை. தூங்குமூஞ்சி கொட்டாவி விட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டாவது நாள் காலை சரியாகப் பத்து மணிக்கு மணி அடித்தது. ஃபெயில் சார் கதவைத் திறந்தார். மடிப்புக் கலையாத சட்டையும் வாரிய தலையுமாக ஒருவர் நின்றிருந்தார். யார் என்று அடையாளம் தெரிய அரை நிமிஷம் ஆனது. தூங்குமூஞ்சி! பின்னால் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும்.

"வாங்க டாக்டர். நீங்க கேட்டது இதுதான். கீழ முழுக்க ஆஸ்பத்திரி வச்சுக்கலாம். இந்தக் கூடம் நோயாளிங்க உக்கார, அந்த அறை உங்க நாற்காலிக்கு. குடித்தனம் மொத்தமும் மேல. சமையக்கட்டும் மேலேயே இருக்கு, வேலைக்கும் வீட்டுக்கும் ஒண்ணுக்கொண்ணு தொந்தரவே இல்ல. இப்படி ஒரு வீட்டை ஊரெல்லாம் தேடினாலும் நீங்க பாக்க முடியாது. சார் அந்தக் காலத்திலேயே யோசிச்சுக் கட்டியிருக்கார்."

தன் வீட்டை இவ்வளவு அழகாக யாரும் சொல்லி ஃபெயில் சார் கேட்டதே இல்லை. பூரித்துப்போகிற நேரமா இது? சுதாரித்துக்கொண்டார்.

"டாக்டர், மழை பெஞ்சா மேற்கு ஜன்னல்ல தண்ணி வரும்."

"அப்படியா?"

"குளியலறைக் குழாய் நாள் முழுக்கச் சொட்டும். எதிர்வீட்டு நாய் காலையில அஞ்சு மணிக்குக் குலைக்கும். படி வேற பத்தொன்பது. ஏறி இறங்கினா முழங்கால் போயிடும். என் வீட்டுக்காரியைப் பாருங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. மனைவி காபித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தூங்குமூஞ்சி சிரித்துக்கொண்டே டாக்டர் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? தன் வீட்டுக் குறையைத் தானே இப்படிப் புட்டுப் புட்டு வைக்கிற மனுஷரை எங்கேயாவது பாத்திருக்கீங்களா? இதுக்கு மேல இந்த வீட்டுல ஒளிச்சு வச்ச குறை ஒண்ணுகூட இருக்க முடியாது."

"நான் இதுவரைக்கும் பதினாலு வீடு பாத்தேன்" என்றார் பல் டாக்டர். "எல்லாரும் பொய் சொன்னாங்க. சார் ஒருத்தர்தான் உண்மையைச் சொல்றார். விலை பேசவே வேண்டாம். சார் சொன்னதே சரி."

மறுபேச்சு இல்லாமல் குடுத்துடணும் என்ற வரி பத்திரத்தில் ஃபெயில் சாரின் சொந்தக் கையெழுத்திலேயே இருந்தது. முகத்தில் ஈ ஆடவில்லை அவருக்கு.

எல்லாரும் போன பிறகு மாடிக்குப் போனார். மனைவி சமையலறை ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளை உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"எங்க அக்கா வீட்டை ஒம்பதே நாள்ல வித்துக் குடுத்தவர்."

"அன்னைக்கு வந்து அந்தத் தூக்கம் தூங்கினாரே?"

"நான்தான் தூங்கச் சொன்னேன். குறட்டை அவரா சேத்துக்கிட்டது."

"பக்கத்து வீட்டை அளந்தது?"

"அது நிஜமாவே வழி தப்பிட்டாராம் பாவம்."

ஃபெயில் சார் பொத்தென்று எதிரே உட்கார்ந்தார். "நான் மட்டமான ஆளாப் பாத்துத்தான் எடுப்பேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"முப்பத்தி நாலு வருஷத்துல நான் கேட்ட எதுக்காவது நீங்க உடனே சரின்னு சொல்லியிருக்கீங்களா? அன்னைக்குச் சொன்னீங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு."

"அதை என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே."

"நேரா கேக்கலையா? மூணு வருஷமா கேக்கறேன். பை தூக்கிட்டு வரும்போது ஏழாவது படியில உக்காந்து மூச்சு வாங்கிட்டுத்தான் எந்திரிக்கிறேன். நீங்க என்னைத் தாண்டித்தான் தினமும் போறீங்க. 'என்ன, காத்து வாங்கறியா'ன்னு கேப்பீங்க. பதிலுக்குக்கூட நிக்க மாட்டீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. சண்டை போட்டிருந்தால் அவரும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பார். 'காத்து வாங்கறியா' என்று அவர் கேட்டது உண்மை. ஒருநாள் இல்லை, பல நாள் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் தான் கட்டிய வீட்டின் காற்றை அவள் ரசிப்பதாக நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே போயிருக்கிறார். முன்பின் தெரியாதவனை எட்டு நிமிஷத்தில் எடை போட்டவருக்கு, கூடவே இருந்தவளைப் பார்க்க ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. வீடு போனது வலித்தது. அது இருக்கட்டும், வேறொரு வீடு கிடைக்கும். ஏமாற்றியாவது இந்தப் படியிலிருந்து தப்பிக்க வேண்டிய நிலைமையில் அவளைத் தான் வைத்திருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. கண் கலங்கியது. அதை மறைக்க அவர் முயற்சிகூடச் செய்யவில்லை.

"தப்பு பண்ணிட்டேம்மா" என்றார். "பெரிய தப்பு."

"சரி விடுங்க. கண்ணைத் துடைங்க."

"இல்ல, நான் விடறதா இல்ல. புது வீடு தேடற பொறுப்பு முழுக்க என்னுது. இந்தத் தடவை சத்தியமா, இருக்கறதுலயே நல்ல புரோக்கரா நானே பாத்துத் தேர்ந்தெடுக்கறேன். உனக்காக."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஆளையும் பேசியாச்சு, வீட்டையும் பாத்தாச்சுங்க. ஞாயித்துக்கிழமை சும்மா ரெண்டு பேரை வரச் சொல்றேன், நீங்க ஆசை தீர மார்க் போடுங்க."