சொந்தக்காரன் இல்லாத மாடுகள்

எங்கள் ஊரில் ஒரு மாடு காணாமல் போனால் இரண்டு இடங்களில் வந்து சொல்வார்கள். ஒன்று பொலிஸ் நிலையம், மற்றது எங்கள் வீடு. பொலிஸில் முறைப்பாடு எழுதுவார்கள். எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு, "தம்பி நிக்கிறாரோ? சும்மா கேட்டனான்" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். நான் மாடு திருடியவன் அல்ல, நல்லது செய்யப் புறப்பட்டவன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதைப் பதினேழு வயதில் படித்துக்கொண்டேன்.

அப்போது நான் கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சாரணன். வெறும் சாரணன் என்று நினைத்துவிடாதீர்கள். ஜனாதிபதி சாரணர் விருதுக்கு முயன்றுகொண்டிருந்த சாரணன். சாரணியத்தில் அதற்கு மேலே படி கிடையாது. கணக்குப் பாடத்தில் எனக்கு மேலே முழு வகுப்பும் இருந்தபடியால், எனக்கு மேலே ஒருவரும் இல்லாத ஓரிடத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்க ஆசைப்பட்டேன்.

அம்மாவுக்குச் சாரணியம் பிடிபடவே இல்லை. கூடாரம் அடித்து அதற்குள் படுத்ததற்கு எனக்கொரு சின்னம் கிடைத்தது. வீட்டுக்கு ஓடிவந்து காட்டினேன். அவர் தையல் மெசினை நிறுத்தி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கூடாரத்துக்குள்ளை படுத்ததுக்கோ இது? அப்பிடியெண்டால் எங்கட சனத்துக்குச் சட்டையிலை குத்த இடம் காணாதேடா."

(உண்மைதான். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் அவர் கூடாரம் அடித்த வேகத்துக்கு, எங்கள் சாரண ஆசிரியர் தவராசா சேரே எழுந்து நின்று சல்யூட் அடித்திருக்கவேண்டும்.)

ஆனால் 'ஜனாதிபதி' என்ற சொல் காதில் விழுந்த நாளிலிருந்து அம்மா மாறிப்போனார். கொழும்பில் பெரிய மண்டபத்தில் விழா நடக்கும், பெற்றோரையும் கூப்பிடுவார்கள் என்று சேர் சொல்லியிருந்தார். அவ்வளவு போதும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், சந்தையில் கத்தரிக்காய் விற்றவர், ஒருவர் மிச்சமில்லாமல் செய்தி போய்ச் சேர்ந்தது. ரவுன் கடைத்தெருவுக்குப் போய் மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை வாங்கிவந்து அலுமாரிக்குள் வைத்தார். என் விருது வரும் முன்பே விருதுக்கான சேலை வந்துவிட்டது. இனி நான் பின்வாங்க முடியாது.

கடைசியாக மிஞ்சியது சமூக சேவைத் திட்டம். மற்றப் பொடியன்கள் மரம் நட்டார்கள். அந்த மரங்களை மாடுகள் தின்றன. நான் நேரே மாடுகளிடமே போனேன்.

வன்னியில் பொழுது பட்டதும் மாடுகள் வீதிக்கு வந்துவிடும். பகல் முழுக்க வெயில் குடித்த தார் அவற்றுக்கு நல்ல படுக்கை. கறுத்த வீதியில் கறுத்த மாடு படுத்திருந்தால், மேலே ஏறிய பிறகுதான் மோட்டச்சைக்கிள்காரனுக்குத் தெரியும். எங்கள் ஊரில் மட்டும் எத்தனையோ பேர் அப்படி விழுந்து காலை உடைத்திருந்தார்கள். ஆகவே, மாடுகளின் கழுத்தில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி கட்டுவது என்று தீர்மானித்தேன். வீதி வேலை செய்தவர்களிடம் மிஞ்சிக் கிடந்த மின்னும் நாடாவை வாங்கிவந்தேன். அம்மா அதை இடுப்பில் கட்டும் பழைய சாரத் துணியில் வைத்துத் தைத்துத் தந்தார்.

"வடிவாய்ச் செய்யும்," என்றார் தவராசா சேர். "ஆனால் மாட்டுக்காரரைக் கேட்டுச் செய்யும்."

கேட்கத்தான் போனேன். முதலில் பொன்னுத்துரை அண்ணையிடம். ஊரிலேயே அதிக மாடு வைத்திருப்பவர் அவர். விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"என்ரை மாடு ரோட்டிலை படுக்கிறேல்லை."

அவருடைய வீட்டு வாசல் படலைக்கு நேரே, வீதியின் நட்டநடுவில், நெற்றியில் சுட்டி உள்ள பசு ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணை, அந்தா படுத்திருக்குதே…"

அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. "அது ஆற்றையோ."

போன இடமெல்லாம் இதே கதை, மாடு யாருடையதோ, தங்களுடையது இல்லை. காரணம் பிறகுதான் விளங்கியது. வீதியில் மாட்டை விட்டால் தண்டம் கட்டவேண்டும். பட்டி கட்டச் சம்மதித்தால், என் மாடு வீதியில்தான் படுக்கிறது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்படிச் சம்மதிக்க எங்கள் ஊரில் யாருக்காவது பைத்தியமா?

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. (அது சும்மா இருந்திருக்கலாம்.) ஊரில் ஒருவருடைய மாடும் வீதியில் படுப்பதில்லை. அப்படியென்றால் வீதியில் படுக்கிற மாடுகளுக்குச் சொந்தக்காரர் இல்லை. சொந்தக்காரர் இல்லாத மாட்டுக்கு யாரிடம் சம்மதம் கேட்பது? கணக்கில் பெயில் விட்டவனுக்குத் தர்க்கம் இவ்வளவு சுத்தமாக வந்ததில் எனக்கே பெருமை.

"மாட்டுக்காரரைக் கேட்டனீரோ?" என்றார் சேர்.

"கேட்டனான் சேர்."

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது மரியாதை இல்லை என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பொழுது படுகிற நேரங்களில் போய்க் கட்டத் தொடங்கினேன். மாடுகள் நல்ல ஒத்துழைப்பு. எனக்கும் கழுத்தில் சாரணப் பட்டி இருந்ததால் என்னைத் தங்கள் இனம் என்று நினைத்தனவோ தெரியாது. நான் மறந்துபோனது ஒன்றே ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் மாட்டில் ஒரு குறி இருந்தால் அதற்கு ஓர் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். புதிதாக ஒரு குறி வந்தால் புதிதாக ஓர் ஆள் வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

என் திட்டத்தைப் பார்த்து விருதுக்குச் சிபார்சு செய்யவேண்டிய பரீட்சகர் வருவதற்கு முதல் நாள் அம்மா சந்தையிலிருந்து செய்தி கொண்டுவந்தார்.

"ஆரோ கள்ளர் மாடுகளுக்கு அடையாளம் கட்டுறாங்களாம். பட்டி கட்டின மாடுகளைத்தான் லொறியிலை ஏத்துவாங்களாம்."

"அம்மா, அது நாங்களம்மா."

அம்மா தைத்துக்கொண்டிருந்த பட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப வேற நிறத்திலை தைப்பமோ?"

இதுதான் எங்கள் குடும்பத்தின் நெருக்கடி முகாமைத்துவம். நாளைக்குப் பரீட்சகர் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அதற்குப் பிறகு ஊருக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தலாம் என்று நான் முடிவுசெய்தேன்.

மறுநாள் பின்னேரம், மங்கல் வெளிச்சத்தில் பட்டிகள் மின்னுவதைக் காட்டுவதற்காகச் சேர் பரீட்சகரைக் கூட்டிவருவதாக ஏற்பாடு. நான் முழுச் சீருடையில், இடுப்பில் கயிறு, தோளில் பட்டிப் பையுடன் முன்னாலேயே போனேன். சுட்டிப் பசு பட்டியைக் கழற்றி எறிந்திருந்தது. புதிதாக ஒன்றைக் கட்டிக் குனிந்திருந்தபோது வீதியோரப் பற்றைக்குள் இருந்து ஊர் எழும்பி வந்தது.

"பிடியடா கள்ளனை!"

முன்னுக்கு நின்றவர் பொன்னுத்துரை அண்ணை. நான் சாரணன் என்று சொல்லிப் பார்த்தேன். "கள்ளனுக்கும் உடுப்புத் தேவைதானே" என்றார் ஒருவர். என் கயிற்றையே உருவி என்னைப் பாலை மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். பொன்னுத்துரை அண்ணை போட்ட முடிச்சைப் பார்த்தேன். ஒரு இழுப்பில் அவிழ்ந்துவிடும். பேசாமல் இருந்திருந்தால் ஓடியிருக்கலாம். ஆனால் முடிச்சுப் போட்டதற்கே முதற் சின்னம் வாங்கியவன் நான். மனம் கேட்கவில்லை.

"அண்ணை, உப்பிடிக் கட்டினால் அவிழும். மற்ற நுனியை மேலாலை எடுங்கோ."

எடுத்தார். இறுகிவிட்டது.

அம்மா ஓடிவந்தார். அதே நேரம் யாரோ அழைத்துப் பொலிஸ்காரர் ஒருவரும் வந்தார். வீதியின் மறுமுனையில் சேரின் மோட்டச்சைக்கிள் திரும்பியது. அதன் வெளிச்சம் வீதியில் விழுந்ததும் பட்டிகள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. வீதி முழுக்க மின்னிக்கொண்டு மாடுகள் படுத்திருந்தன. கட்டப்பட்டு நின்றபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு வடிவு.

"அருமை!" என்றார் பின்னால் இருந்த பரீட்சகர். "பொடியன் எங்கை?"

வெளிச்சம் பாலை மரத்துக்கு வந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பொலிஸ்காரர் கையை உயர்த்தினார்.

"சரி, முறைப்பாடு எழுதலாம். மாடு யாருடையது?"

"என்ரை…" என்று பொன்னுத்துரை அண்ணை வாயெடுத்தார்.

"ரோட்டிலை படுத்திருக்கிற இந்த மாடுதானே?" என்று பொலிஸ்காரர் பேனையைத் திறந்தார்.

அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கோயிலில்கூடக் கேட்டதில்லை. சுட்டிப் பசு எழும்பி ஆடி ஆடி வந்து பொன்னுத்துரை அண்ணையின் சாரத்தை நக்கியது. அவர் முழங்கையால் தள்ளினார். "போ அங்காலை! ஆற்றை மாடோ."

சொந்தக்காரர் இல்லை, ஆகவே முறைப்பாடு இல்லை, ஆகவே கள்ளனும் இல்லை. பொலிஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னை அவிழ்க்கச் சொன்னார். (நேரமெடுத்தது. நல்ல முடிச்சு.)

பரீட்சகர் கெட்ட மனிதர் இல்லை. என் தோளில் கைவைத்து, "தம்பி, சம்மதம் தந்த ஒரு மாட்டுக்காரரைக் காட்டும். ஓராள் காணும், கையெழுத்து வைக்கிறன்" என்றார்.

நான் பொன்னுத்துரை அண்ணையைப் பார்த்தேன். அவர் வானத்தில் மழை இருக்கிறதா என்று பார்த்தார். அம்மா அவருக்குக் கிட்டப் போனார். அம்மா ஒருவரிடமும் கெஞ்சி அதுவரை நான் கண்டதில்லை.

"அண்ணை, ஓமெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பிள்ளையின்ரை விருதெல்லோ."

அண்ணை பொலிஸ்காரரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"தங்கச்சி, மாடு என்ரையெண்டால் நான் சொல்லமாட்டனோ?"

என்னைச் சிறைக்குப் போகாமல் காப்பாற்றிய அதே பொய் என் விருதையும் கொண்டுபோனது. திட்டத்தைத் திரும்பச் செய்து முடிப்பதற்குள் எனக்குப் பதினெட்டு கடந்து, விருதுக்கான வயதும் போய்விட்டது. அம்மா மஞ்சள் சேலையை அலுமாரியின் அடித்தட்டுக்கு மாற்றினார். மரத்தில் கட்டியபோது வராத வெட்கம் எனக்கு அதைப் பார்த்தபோதுதான் வந்தது. போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டிகளை ஒருவரும் கழற்றவில்லை. கழற்றுகிறவன் சொந்தக்காரன் ஆகிவிடுவானே! அவை கிழிந்து விழும்வரை எங்கள் மாடுகள் மின்னிக்கொண்டே படுத்திருந்தன, வாகனங்கள் விலகிப் போயின. திட்டம் முழு வெற்றி. விருதுதான் இல்லை. ஊர் தானாகவே எனக்கு 'சனாதிபதி' என்று பட்டம் தந்தது.

போன வருடம் எனக்குக் கல்யாணம். தாலியைக் கையில் எடுத்து, மேளம் கெட்டிமேளமாக மாறப்போகிற நேரம் பார்த்து முன்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. வயது போனாலும் பொன்னுத்துரை அண்ணைக்குக் குரல் போகவில்லை.

"தம்பி, கழுத்திலை கட்ட முதல் சொந்தக்காரரைக் கேட்டனியோ?"

மண்டபமே வெடித்தது. ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. குனிந்திருந்த மணப்பெண் நிமிர்ந்தாள்.

"சொந்தக்காரி நான்தான். என்னைக் கேட்டவர், நான் ஓமெண்டு சொன்னனான்."

சிரிப்பு இன்னும் பெரிதானது. அதற்குள் என் பின்னால் நின்ற அம்மா முன்னுக்கு வந்தார். மாம்பழ மஞ்சள் சேலை, மடிப்புக் கோடுகள் அப்படியே தெரிந்தன.

"கேட்டியளே அண்ணை?" என்றார். "இந்த ஒரு சொல்லைத்தான் அண்டைக்கு உங்களிட்டைக் கேட்டனான்."

பொன்னுத்துரை அண்ணை மண்டபக் கூரையைப் பார்த்தார், மழை இருக்கிறதா என்று.