ஒன்பது யூனிட் குற்றம்

மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்ற செய்தி, மற்ற எல்லாச் செய்திகளையும் போலவே, ஆவணக் காப்பு அலுவலகத்துக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. வரும்போது பதினான்கு பக்கச் சுற்றறிக்கையாக வந்தது. தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, ஆளுக்கொரு பிரதி. ஒன்பதாம் பக்கத்தில் காகிதத்தை வீணாக்கக் கூடாது என்று போட்டிருந்தது.

பதினான்கு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்த ஒரே ஆள் பதிவேட்டு அறை எழுத்தர். அலுவலகத்தில் அவளுக்கு ‘சுவிட்ச் அக்கா’ என்று பெயர். ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் அவளுக்குக் கை நமநமவென்று அரிக்கும். போய் அணைத்துவிட்டு வந்தால்தான் அடுத்த வேலை ஓடும். நடைபாதை விளக்கு, கை கழுவும் இடத்தில் சொட்டுகிற குழாய், யாரோ மறந்துவிட்டுப் போன கம்ப்யூட்டர், எதையும் விடமாட்டாள். தன் மேஜையை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் நாலு மணி வரை விளக்கே போடாமல் பதிவேடு எழுதுவாள். இதற்காக யாரும் அவளைப் பாராட்டியதில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையில் தலை சாய்த்திருந்த இரண்டு பேர், ஃபேன் நின்றதும் விழித்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்கள்.

சரியாகப் பன்னிரண்டரைக்கு அவள் எழுந்துவிடுவாள். வீடு அடுத்த தெருவில். அவள் கணவர் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போய் நாலு வருடம் ஆகிறது. அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, துணி மாற்றி, சாப்பாடு கொடுத்து, மாத்திரையும் கொடுத்துவிட்டு ஒன்றேகாலுக்குள் நாற்காலிக்குத் திரும்பிவிடுவாள். அந்த முக்கால் மணி நேரம்தான் அவளுக்கு வாழ்க்கை. மற்றதெல்லாம் உத்தியோகம்.

சுற்றறிக்கை வந்த அடுத்த வாரமே எரிசக்திச் சிக்கன ஒருங்கிணைப்பு மற்றும் விழிப்புணர்வு அலுவலர் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். பதவியின் பெயர் நீளமாக இருந்ததால், சிக்கனம் கருதி எல்லாரும் அவரைச் சிக்கன அலுவலர் என்றே கூப்பிட்டார்கள். சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். வந்ததும் எல்லாருக்கும் இலை வடிவத்தில் ஒரு பேட்ஜ் கொடுத்தார். சட்டையில் குத்திக்கொண்டால் நாள் முழுக்கப் பச்சையாக மினுக்கும். பேட்டரி தீர்ந்தால் மாற்ற வழியில்லை, புது பேட்ஜ்தான் வாங்க வேண்டும். ஒரு வாரத்தில் அந்த பேட்ஜ் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறவர்களை எல்லாரும் ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள்.

பயிற்சி வகுப்பு பகல் பதினொரு மணிக்கு நடந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வெண்திரையில் படம் தெரிய வேண்டுமே என்று ஜன்னல் திரைகளை இழுத்து மூடினார்கள். மூடியதில் புழுங்கியது, அதனால் ஏசி போட்டார்கள். குறிப்பெடுக்க இருட்டாக இருந்தது, அதனால் பின்வரிசைக்கு நாலு டியூப் லைட்டும் போட்டார்கள். முதல் படத்தில் பெரிய எழுத்தில், ‘பகலில் இயற்கை வெளிச்சத்தைப் பயன்படுத்துங்கள்’ என்று வந்தது. நல்ல யோசனைதானே என்று சுவிட்ச் அக்கா எழுந்து பக்கத்து ஜன்னல் திரையை விலக்கினாள். வெண்திரையில் இருந்தது அப்படியே மறைந்துவிட்டது.

“அம்மா, தயவுசெஞ்சு மூடிடுங்க,” என்றார் சிக்கன அலுவலர். “இயற்கை வெளிச்சம் சரியா தெரியல.”

அவள் மூடிவிட்டு உட்கார்ந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி மீட்டர் பொருத்தினார்கள். போன மாதம் எத்தனை யூனிட், இந்த மாதம் எத்தனை, சேமிப்பு எத்தனை சதவீதம் என்று மூன்று கட்டம் போட்ட படிவம் ஒன்றும் வந்தது. முதல் இரண்டு மாதக் கணக்கு வந்த அன்று முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். கணக்குப் பிரிவு முதலிடம். வீட்டுக்குப் போகும்போதும் ஏசியை அணைக்காமல் போவது அவர்கள் வழக்கம். இந்த மாதம் சனி, ஞாயிறு மட்டும் அணைத்துப் பார்த்திருக்கிறார்கள். அறுநூறு யூனிட் நானூற்றைம்பதாகி, கால்வாசி மிச்சம். எல்லாரும் கைதட்டினார்கள். கணக்குப் பிரிவு மேற்பார்வையாளர் எழுந்து, இதற்காகத் தாங்கள் பட்ட கஷ்டத்தைப் பத்து நிமிடம் விளக்கினார்.

பதிவேட்டு அறை கடைசி. போன மாதம் ஒன்பது யூனிட். இந்த மாதமும் ஒன்பது. சேமிப்பு சைபர்.

மறுநாள் அவள் மேஜைக்குக் குறிப்பாணை வந்தது. ‘தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சிக்கன இயக்கத்தில் தாங்கள் எள்ளளவும் பங்கேற்காமைக்கான காரணத்தை மூன்று நாட்களுக்குள் விளக்குக’ என்று இருந்தது. அவள் மூன்று நாள் காத்திருக்கவில்லை. நேரே சிக்கன அலுவலர் அறைக்குப் போனாள். போகிற வழியில் நடைபாதை விளக்கையும் அணைத்துவிட்டுத்தான் போனாள்.

“சார், நான் தேவையில்லாம ஒரு லைட் கூடப் போடறதில்ல,” என்றாள்.

“எப்பலேருந்து?”

“வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து. பதினாறு வருஷமா.”

சிக்கன அலுவலர் நிஜமாகவே வருத்தப்பட்டார். “அங்கதாம்மா தப்பு நடந்திருக்கு. சுற்றறிக்கை வந்தது இப்போ. அதுக்கு முன்னாடி நீங்க சேமிச்சதைச் சேமிப்புன்னு எடுத்துக்க எனக்கு அதிகாரம் இல்ல. அதுக்குப் படிவத்துல கட்டமும் இல்ல.”

“அப்ப இனிமே நான் என்னத்தை சார் அணைக்கிறது?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன். உங்ககிட்ட அணைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. அடிப்படை நுகர்வு போதலம்மா.”

பிறகு மெதுவாக, தலையைக் குனிந்துகொண்டு, விதி என்ன சொல்கிறது என்பதையும் சொன்னார். அடுத்த இரண்டு மாதத்துக்குள் பத்து சதவீதமாவது மிச்சம் காட்டாத அறையின் பொறுப்பாளரை, மனப்பான்மை சீர்திருத்தத்துக்காக எல்லையோரக் கிளைக்கு மாற்றிவிடுவார்களாம். அது பஸ்ஸில் ஆறு மணி நேரம். ஆறு மணி நேரத் தூரத்திலிருந்து பன்னிரண்டரைக்கு வந்து யார் அவரைத் திருப்பிப் படுக்கவைப்பது?

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஓர் ஆணை தயார் செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ‘சேமிப்பை மேற்கொள்வதற்கு ஏதுவாக, பதிவேட்டு அறை ஒரு மாத காலத்துக்குள் போதிய அடிப்படை நுகர்வை ஏற்படுத்திக்கொள்ள இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது.’

வீட்டில் அவள் அதைப் படித்துக் காட்டியபோது கணவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. நாலு வருடத்தில் அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொழில்காரராகவே யோசனை சொன்னார். விளக்கு, ஃபேனையெல்லாம் நம்பினால் ஒரு வருடம் ஆகும், சூடு பண்ணுகிற சாமானாகப் பார் என்றார். தண்ணீர் கொதிக்கவைக்கிற கம்பி, இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், இவைதான் மளமளவென்று இழுக்குமாம். வயர் தாங்குமா என்று பார்த்துக்கொள், பதிவேட்டுக்குத் தீப் பிடித்தால் அதற்கு வேறு ஒரு படிவம் வரும் என்றும் எச்சரித்தார்.

அந்த ஒரு மாதம் பதிவேட்டு அறை கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. அலுவலகமே உதவிக்கு வந்தது. கணக்குப் பிரிவு தன் பழைய ஹீட்டரைக் கொடுத்தது. தபால் பிரிவு இரண்டு மேஜை ஃபேன் கொடுத்தது. கொளுத்துகிற வெயிலில் ஹீட்டர் அறையைச் சுட, ஹீட்டரை இரண்டு ஃபேனும் ஆற்ற, ஒரு வாளித் தண்ணீர் காலையிலிருந்து யாருக்கும் பயன்படாமல் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் சுவிட்ச் அக்காவின் கைதான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அது தன்பாட்டுக்கு சுவிட்சுக்குப் போயிற்று. கடைசியில் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் எல்லாம் எரிய எரிய விட்டுவிட்டு வாசல்வரை போனால், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தது போல நெஞ்சு பதறும். ஒரு நாள் திரும்பி வந்து அணைத்தே விட்டாள். மறுநாள் சிக்கன அலுவலர், இப்படி விரயம் செய்வதில் அலட்சியம் காட்டினால் எப்படி என்று அன்பாகக் கடிந்துகொண்டார்.

மாதக் கடைசியில் மீட்டர் முந்நூறு காட்டியது. ஒன்றாம் தேதி காலை இரவல் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, விளக்கு போடாமல் உட்கார்ந்தாள். அந்த மாதம் பழையபடி ஒன்பது யூனிட்.

சேமிப்பு தொண்ணூற்றேழு சதவீதம். இலாகாவின் வரலாற்றிலேயே இப்படியொரு சாதனை நடந்ததில்லையாம். பகல் பதினொரு மணிக்குத் திரைகளை இழுத்து மூடி, விளக்கெல்லாம் போட்டு விழா எடுத்தார்கள். ‘சிக்கனச் சிகரம்’ என்று பட்டம் கொடுத்து, கெட்டி அட்டையில் பிளாஸ்டிக் ஒட்டிய பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார்கள். மாற்றல் ரத்து. அவள் அங்கேயே அழுதுவிட்டாள். விருதுக்காக அழுகிறாள் என்று நினைத்து எல்லாரும் இன்னொரு முறை கைதட்டினார்கள்.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. தொண்ணூற்றேழு என்ற எண்ணை மற்ற பிரிவுகளும் பார்த்துவிட்டன. வெறும் இருபத்தைந்தை வைத்துக்கொண்டு கணக்குப் பிரிவு எப்படி வெளியே தலைகாட்டும்? மறுநாளே எல்லா அறையும் ‘அடிப்படை மாதம்’ அனுசரிக்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தது. அனுமதி கிடைத்தது. பக்கத்து அலுவலகம் இதைக் கேள்விப்பட்டு இவர்களிடம் ஹீட்டர் இரவல் கேட்டது, இவர்கள் தரவில்லை. கடையில் அந்தக் கோடையில் ஹீட்டர் தட்டுப்பாடு. குடியிருப்போர் சங்கமும் சும்மா இருக்கவில்லை, அதிகம் சேமிக்கும் வீட்டுக்குக் கேடயம் என்று அறிவித்துவிட்டது. சிக்கன அலுவலருக்குப் பதவி உயர்வுக்கான கோப்பு நகர ஆரம்பித்தது.

ஒரு நாள் பன்னிரண்டரைக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். தெருவே ஜகஜோதியாக இருந்தது. உச்சி வெயிலில் எல்லா வாசலிலும் விளக்கு. உள்ளே போனால் அவள் வீட்டிலும் எல்லா விளக்கும் எரிந்தது, தண்ணீர்க் கம்பி கொதித்தது, இஸ்திரிப் பெட்டி தனியாக ஒரு மூலையில் சுட்டுக்கொண்டிருந்தது.

“யாருங்க இதெல்லாம் போட்டது?”

“பக்கத்து வீட்டுத் தங்கச்சியைக் கூப்பிட்டுப் போடச் சொன்னேன்,” என்றார் கணவர். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. “அவங்க நேத்தே ஆரம்பிச்சுட்டாங்க. சிக்கனச் சிகரத்தோட வீடு, நாம பின்தங்கிடக் கூடாது பாரு.”

அவள் கை சுவிட்சுக்குப் போயிற்று. பாதி வழியில் தானாகவே நின்றது. பதினாறு வருடத்தில் முதல் முறையாக அது சொன்ன பேச்சைக் கேட்டது. அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது. உட்கார்ந்து சோறு பிசைந்தாள்.

மூன்றாவது வாய் கொடுக்கும்போது தெருக்கோடியில் டமால் என்று ஒரு சத்தம் கேட்டது. விளக்கு போயிற்று, ஃபேன் நின்றது. தெருவே வெளியே வந்து, டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது, சரிசெய்ய நாலு நாளாவது ஆகும் என்று பேசிக்கொண்டது. எந்தப் பாவி இவ்வளவு கரண்டை இழுத்தான் என்று ஆளாளுக்கு அடுத்த வீட்டைப் பார்த்தார்கள். கொதித்த தண்ணீரின் ஆவி அறையை நிரப்பியது. படுத்திருந்தவருக்கு வியர்வை முதுகுக்கடியில் ஊறியது. விசிற ஏதாவது கிடைக்குமா என்று அவள் தேடினாள். சுவரில் மாட்டியிருந்த பாராட்டுப் பத்திரம்தான் கைக்குக் கிடைத்தது. கெட்டி அட்டை, நல்ல காற்று வந்தது.

அப்போது செல்போன் அடித்தது. சிக்கன அலுவலர்.

“அம்மா, உங்க தெருவுலயும் போச்சா? இங்க ஆபீஸ் முழுக்க இல்ல. ஊரே இல்லயாம்.” குரலில் வருத்தம் தெரியவில்லை. “போன நேரத்தைக் கரெக்டா குறிச்சு வைங்க. எத்தனை மணி நேரம் இல்லாம இருக்கோமோ அத்தனையும் நம்ம சேமிப்புல சேரும்.”

அவள் விசிறுவதை நிறுத்தாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“பன்னிரண்டு அம்பது சார்.”

“நம்ம வீட்டுதையும் ஒரு தாள்ல எழுதி வை,” என்றார் கணவர், வாயைத் துடைத்துக்கொண்டு. “சங்கத்துல கேப்பாங்க.”

அவள் இடது கையால் விசிறிக்கொண்டே, வலது கையால் எழுதி வைத்தாள்.