கட்டைவிரல் கச்சேரி

எனக்கு இரத்த அழுத்தம் இருப்பது அரசுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு கோப்பு எண் கொடுத்து அலமாரியில் வைத்திருப்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில், ரேஷன் கார்டு விவகாரங்களைக் கவனிக்கும் வழங்கல் பிரிவில் அடியேன் உதவியாளன். பெயர் சோலையப்பன். எந்த வட்டம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் விளக்கம் கேட்டு மெமோ வரும்.

"வேலையில டென்ஷன் அதிகமோ?" என்று டாக்டர் கேட்டார்.

என் மனைவி பரிமளா முந்திக்கொண்டாள். "டென்ஷன் எல்லாம் இவரப் பாக்க வர்றவங்களுக்குத்தான் டாக்டர். இவரு சும்மாத்தான் ஒக்காந்திருக்காரு."

சும்மா உட்கார்ந்திருப்பதில் எத்தனை பாரம் இருக்கிறது என்று அவளுக்கு எங்கே தெரியும்!

மகள் காவ்யா இரக்கப்பட்டு ஆன்லைனில் ஒரு சாமான் வரவழைத்தாள். வெற்றிலைப் பெட்டி அளவுக்கு ஒரு மரப்பெட்டி. அதன் மேல் வரிசையாக இரும்பு நாக்குகள். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி விட்டால் டிங் டிங் என்று இனிமையாகக் கேட்கும். பெயர் கலிம்பா. "ஆப்பிரிக்காவுல வாசிக்கிறதுப்பா. மனசு லேசாயிரும்," என்றாள். வாசித்தேன். சத்தியமாக லேசாயிற்று. மறுநாளே அதை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வீட்டில் ஒரு நல்லது நடந்தால் அதை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கெடுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

நான் வாசிக்க ஆரம்பித்தபோது மேசைக்கு எதிரே அடைக்கலமேரி என்ற வயதான அம்மா நின்றார். பிறந்தது ஆவூர், வாக்கப்பட்டது ஆதனக்கோட்டைப் பக்கம். வறுத்த முந்திரிக்கொட்டையை உடைத்து உடைத்து, தோலை அரிக்கும் அந்தக் கொட்டைப்பால் பட்டுப் பட்டு, விரலில் ரேகையே இல்லை. ரேஷன் கடை மிஷின் அவரை அவர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. ரேகைக்குப் பதில் கண்ணைக் காட்டலாம் என்றால் இரண்டு கண்ணிலும் புரை. மகன் திருப்பூரில் இருக்கிறான், அவன் பிழைப்பே பெரும்பாடு. ஆகவே பக்கத்து வீட்டு ரீட்டா இவருக்காக அரிசி வாங்கிக்கொள்ள அனுமதி வேண்டும். நான் கம்ப்யூட்டரில் என் கட்டைவிரலை வைத்து ஒப்புதல் கொடுத்தால் வேலை முடிந்தது.

"சார், நம்ம மனு..."

"பரிசீலனையில இருக்கும்மா. செத்த இருங்க, இந்த மெட்டு முடியட்டும்."

"வீட்டுல அரிசி முடிஞ்சு போச்சு சார்."

"அதான் சொல்றேன், டென்ஷன் ஆகக் கூடாது. அங்கிட்டு ஒக்காருங்க."

அந்த நேரம் பார்த்து வட்டாட்சியர் நிலவழகன் உள்ளே வந்தார். தொலைந்தோம் என்று பெட்டியை மடியில் ஒளித்தேன். அவரோ, "ஏங்க நிறுத்திட்டீங்க? வாசிங்க!" என்றார். வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். திறந்தபோது கண்ணில் ஒரு முன்னோடித் திட்டம் தெரிந்தது.

அதற்கு 'இன்னிசைவழி இன்முகச் சேவை' என்று பெயர் சூட்டப்பட்டது. மேற்படித் திட்டத்தின்கீழ் அலுவலர் அனைவரும் முற்பகல் முழுவதும் கலிம்பா வாசித்து மன அழுத்தம் நீங்கப்பெற்று, பிற்பகலில் பொதுமக்களை இன்முகத்துடன் வரவேற்க வேண்டும். பிற்பகலில் மீட்டிங் இருந்ததால் வரவேற்க நேரம் கிடைக்கவில்லை. மனு வாங்க ஆள் இல்லாததால் மனுக்கள் மளமளவென்று குறைந்தன. "மக்களின் குறைகள் இசையால் குறைந்துள்ளன" என்று அறிக்கை எழுதியவன் நானேதான். எழுதிவிட்டு எனக்கே புல்லரித்தது, வெட்கமாக இல்லை.

மாவட்டத்திலிருந்து பாராட்டு வந்தது. பாராட்டு வந்தால் பின்னாலேயே இலக்கும் வருமல்லவா? தினம் ஆளுக்கொரு புது மெட்டு வாசித்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும். போடாதவர்கள் மன அழுத்தத்துடன் இருப்பதாகக் கருதி நடவடிக்கை எடுக்கப்படும். பதிவறை எழுத்தர் சார்லஸ் சுருதி தப்பியதற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார். எனக்குப் பிரஷர் முன்னைவிட ஏறியது. அது இறங்க இன்னும் வாசித்தேன். கட்டைவிரல் கொப்புளித்தது, உரிந்தது, காய்த்தது. நிலவழகன் சார் இரண்டு விரலிலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஆய்வுக் கூட்டம் நடத்தினார்.

ஒரு காலையில் வருகைப் பதிவு மிஷினில் கட்டைவிரலை வைத்தேன். எங்களிடம் பதிந்து வைத்திருப்பது அதை மட்டும்தான். 'பொருந்தவில்லை' என்றது. துடைத்து வைத்தேன். பொருந்தவில்லை. எனக்குப் பின்னால் சார்லஸ், அவருக்குப் பின்னால் வட்டாட்சியர். ஒருத்தருக்கும் பொருந்தவில்லை. ஆபீஸ் நிறைய ஆள் இருந்தும், அரசுக் கணக்கில் அன்று ஒருவரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மாதக் கடைசியில் சம்பளமும் வரவில்லை.

"நான்தான் சோலையப்பன்னு சொல்றேன், இந்த மிஷின் கேக்க மாட்டேங்குதே!" என்று கத்தினேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இதையே அடைக்கலமேரி எத்தனை தடவை என்னிடம் சொல்லியிருப்பார்! அன்றும் அவர் வந்திருந்தார், கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ரீட்டா குடுத்த கஞ்சியத்தான் சார் குடிச்சுக்கிட்டிருக்கேன். அவளுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல?"

"இன்னைக்கு முடிச்சுத் தர்றேம்மா," என்று கம்ப்யூட்டரைத் திறந்து விரலை வைத்தேன். பொருந்தவில்லை. அந்தக் கையை வைத்தேன், இந்தக் கையை வைத்தேன். ம்ஹூம்.

"மனசாரத்தான் செய்ய வந்தேம்மா. மிஷின் என்னைய ஒத்துக்க மாட்டேங்குது."

அவர் என் விரல்களைக் கண்ணருகே இழுத்துத் தடவிப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார்.

"நான் முந்திரிக்கொட்டைய ஒடச்சு ரேகையத் தொலச்சேன். நீங்க என்னத்த சார் ஒடச்சீங்க?"

நான் கலிம்பாவை மேசை டிராயருக்குள் தள்ளினேன்.

எங்கள் விஷயம் மட்டும் சூடு பறக்க நடந்தது. ரேகை தேய்ந்த அலுவலர்கள் தாளில் கையெழுத்திட்டால் போதும், சம்பளம் வழங்கலாம் என்று மூன்றே நாளில் உத்தரவு வந்தது. 'இச்சலுகை பொதுமக்களுக்குப் பொருந்தாது' என்பது அதன் கடைசி வரி. ஆபீசில் லட்டு கொடுத்தார்கள். நானும் தின்றேன்.

தின்ற வாயோடு வட்டாட்சியரிடம் போனேன். "சார், தாள்ல கையெழுத்து நமக்குச் செல்லும்னா, அந்த அம்மாவோட அனுமதியையும் தாள்ல போட்டுக் குடுத்துறலாமே?"

"நல்ல யோசனைதான் சோலையப்பன். போடலாமான்னு மேல எழுதிக் கேளுங்க."

எழுதிக் கேட்டேன். வெளியே வந்து அடைக்கலமேரியிடம், "எழுதியிருக்கும்மா. பதில் வந்ததும் முடிச்சுரலாம். நாளைக்கு வாங்க," என்றேன்.

"நாளைக்குத்தானே? போயிட்டு வர பஸ்ஸுக்குத் தெம்பில்ல சார். இங்கயே இருந்துக்கிறேன்." பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். "அந்தப் பொட்டியக் கொஞ்சம் வாசிங்க. பசி தெரியாம இருக்கட்டும்."

கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டார். நான் உட்கார்ந்து வாசித்தேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தங்கள் மனுவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள்.