மாப்பிள்ளை விழ ஒரு வாளி மணல்

எங்கள் விருதுநகர்ப் பக்கத்தில் ஒரே விலைக்கு இரண்டு அளவு இருந்தால் பெரியதைத்தான் எடுப்போம். சட்டை, செருப்பு, குக்கர் எதுவானாலும் சரி. பள்ளிக்கூடம் முடியும்வரை என் அரைக்கைச் சட்டை எதிலும் முழங்கை வெளியே தெரிந்ததில்லை. (கேட்டால் "வளர்ற பிள்ளை" என்பாள் அம்மா. ஐந்தடி நாலு அங்குலத்தோடு நின்றுவிட்டேன். அது என் குற்றமா?) இந்தப் பழக்கம்தான் என் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது.

செல்போனில் கேமரா வைத்திருந்தவனை ஊரே ஏற இறங்கப் பார்த்த காலம் அது. சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிற வேலை எனக்கு. நாரணாபுரத்துப் பெண் ஜோதியோடு நிச்சயம் முடிந்திருந்தது. அவள் அப்பா பட்டாசு ஆலையில் போர்மேன். எதையும் அதிரவிடாத மனிதர். கதவைச் சாத்தினால்கூடச் சத்தம் வராது. எனக்கு முன்னால் பெண் பார்க்க வந்தவன் காபி டம்ளரை 'ணங்'கென்று கீழே வைத்தான் என்பதற்காகவே அந்த வரனை வேண்டாம் என்றவர். ஜோதி இதை யார் மூலமோ முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்ததால், நான் டம்ளரைத் தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல வைத்துத் தேர்வானேன்.

ஆனாலும் அவருக்கு, அதாவது என் வருங்கால மாமாவுக்கு, உள்ளூர ஒரு நெருடல் இருந்தது. "மாப்ள நல்லவுகதான். நிதானம் எம்புட்டு இருக்குன்னுதான் தெரியலை" என்று தரகரிடம் சொல்லியிருக்கிறார். தீபாவளி சீசன் முடிந்த பிறகே கல்யாணம் என்று பேச்சு. அதுவரைக்கும் அந்த ஆள் கண்ணில் நிதானமானவனாகத் தெரிந்தால் போதும். அவ்வளவுதான் என் வேலை.

அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு ரேஸ் சைக்கிள் ஆசை வந்தது.

மதுரையில் நண்பன் கல்யாணத்துக்குப் போனவன், பந்தியில் இருந்து எழுந்து, பட்டு வேட்டியோடு நேராகச் சைக்கிள் கடைக்குப் போனேன். வளைந்த ஹேண்டில்பாரும் ஊசி மாதிரி டயருமாக இரண்டு நின்றன. ஒன்று சின்னது, ஒன்று பெரியது.

"பிரேம் அளவு பாக்கணும் சார்" என்றார் கடைக்காரர். "சுவத்துல சாஞ்சு நில்லுங்க. ஒரு புத்தகத்தைக் காலிடுக்குல வச்சு மேல அழுத்திப் பிடிங்க. தரையில இருந்து அதுவரைக்கும் அளந்தா உங்களுக்கு எந்த பிரேம்னு தெரிஞ்சுரும்."

அவர் எடுத்து நீட்டியது ஒரு டைரி. சிவகாசி அச்சு. அட்டையில் வீணையோடு சரஸ்வதி.

துண்டுக் காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற தொழில் எங்களுடையது. சரஸ்வதியை எங்கே கொண்டுபோய் வைக்கச் சொல்கிறான் பாருங்கள் இந்த ஆள்! "அதெல்லாம் வேண்டாங்க" என்றேன் கடுப்பாக.

"சரி, நடுவுல போற இந்தக் குறுக்குப் பாருக்கு ரெண்டு பக்கமும் காலைப் போட்டு நின்னு பாருங்க. பாருக்கும் உங்களுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி இருந்தாத்தான் இறங்க முடியும்."

பட்டு வேட்டியில், கடைத்தெருவே பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால், காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடுவதா? மானம் என்று ஒன்று இல்லையா?

"ரெண்டும் என்ன விலை?" என்று பேச்சை மாற்றினேன்.

"ஒரே விலைதான் சார். ஆனா உங்களுக்குச் சின்னதுதான்..."

'ஒரே விலை' என்பதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. பெரியதைக் காட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சைக்கிளைச் சுற்றி வந்தாள். "ஏலே, இது சைக்கிளா ஏணியா?"

"சின்னதும் இதே விலைதாம்மா."

"அப்பச் சரி" என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள்தான் விஷயம் புரிந்தது. ஓட்டலாம், நன்றாகவே ஓடியது, காற்றாகப் பறந்தது. நிறுத்தத்தான் முடியாது. சீட்டை அடிவரை இறக்கியும் பெருவிரல்கூடத் தரையைத் தொடவில்லை. முன்னால் நழுவி இறங்கலாம் என்றால் நடுவில் அந்தப் பார், ஆண்பிள்ளைக்கு வேண்டாத உயரத்தில், காத்துக்கொண்டிருந்தது. வீட்டுப் படியில் நின்று ஏறுவேன். இறங்க வேண்டுமென்றால் மைல்கல்லோ பாலத்துத் திட்டோ வேண்டும். ரயில்வே கேட் மூடியிருந்தால் அதன் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன். பார்த்தவர்கள் என்னைப் பக்திமான் என்று நினைத்திருக்கலாம். மாற்றிவிடலாமே என்கிறீர்களா? அந்தக் கடைக்காரர் முகத்தில் எப்படி முழிப்பது!

கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சாகி வந்தது. மாமாவுக்குச் சீசன் மும்முரம், வீட்டில் பிடிக்க முடியாது. "ஆலை வாசலுக்குக் கொண்டாங்க, பாத்துருவோம்" என்றார் போனில். பத்திரிகையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, அந்தச் சைக்கிளிலேயே கிளம்பினேன். வருங்கால மாமனார் அசந்துபோக வேண்டும் என்று ஆசை. அசந்துதான் போனார்.

நாரணாபுரத்தைத் தாண்டி ஆலைக்குப் பிரிகிற பாதை லேசான இறக்கம். சைக்கிள் தானாக ஓடியது. சாய்ந்து நிற்க ஒரு சுவரைத் தேடினேன். சுவரே இல்லை. இரண்டு பக்கமும் முள்வேலி. வாசலுக்கு முன்னால் சரளை பரப்பிய வெட்டவெளி, நடுவில் ஒற்றைக் கருவேலமரம், அதுவும் முள். ஓரமாக ஒரு லாரியில் பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆலையின் கேட் விரியத் திறந்து கிடந்தது. உள்ளே, கூப்பிடுதூரத்தில், சிமெண்டு மேடைகளில் வெடிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

மாமா கேட்டில் நின்று சிரித்தபடி கையசைத்தார். நானும் சிரித்தேன். அவரைத் தாண்டிப் போனேன். கேட்டை ஒட்டி வளைத்துத் திருப்பினேன். மாமாவின் சிரிப்பு நின்றது.

"அங்கனயே நில்லுங்க மாப்ள!"

"நிக்க முடியாது மாமா!"

திரும்பி வந்த வழியே ஓடிவிடலாம் என்று பார்த்தால், தொழிலாளர் வேன் ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டது. வேறு வழியில்லை. கருவேலமரத்தைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"குதிச்சுத் தொலைங்களேன்!" என்று கத்தினார் லாரி டிரைவர்.

"வேண்டாம்!" மாமாவின் குரல் கிறீச்சிட்டது. "கீழ பூராம் சரளை. இரும்பு பெடலு கல்லுல உரசுனா பொறி வரும். லோடு நிக்குதுய்யா! மாப்ள, சைக்கிளைக் கீழ போட்டுறாதீக! போட்டுறாதீக!"

அதுவரை வெட்கத்தில் சுற்றியவன், அதன் பிறகு உயிர்பயத்தில் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒருபுறம் லாரி வரும், மறுபுறம் திறந்த கேட் வரும். கேட்டை மூடலாம் என்றால் அதுவும் இரும்பு, இழுத்தால் உரசும் என்று மாமா தொடவிடவில்லை. வேகம் குறைந்தால் சாய்ந்துவிடுவேன், கூடினால் வளைக்க முடியாது. கண்ணில் வியர்வை இறங்கியது. வேலையை விட்டுவிட்டுப் பெண்கள் கூட்டமாக வெளியே வந்து மூச்சுவிடாமல் நின்றார்கள். (ஆலைக்குள் செல்போன் கூடாது என்று சட்டம் போட்ட புண்ணியவான் நீடூழி வாழ்க.)

அப்போது தூக்குவாளியோடு ஜோதி வந்தாள், அப்பாவுக்கு மதியச் சாப்பாடு. ஒரு சுற்று என்னைப் பார்த்தாள். அடுத்த சுற்றில் என் காலைப் பார்த்தாள்.

"யப்பா! அவுகளுக்குக் கால் எட்டலப்பா!"

ஆலை முழுக்கக் கேட்டது. அந்த நொடி அந்த லாரி வெடித்தாலும் தேவலை என்று இருந்தது எனக்கு.

மாமாவுக்குப் புரிந்தது. "யாரும் கிட்டப் போய்ப் பிடிச்சுச் சாய்ச்சுறாதீக! மணல்! மணல் வாளியக் கொண்டாங்க!" என்றார்.

தீ விபத்துக்கென்று வரிசையாக மாட்டியிருந்த சிவப்பு வாளிகளைப் பெண்கள் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அந்த அவசரத்திலும் ஒரு வாளிகூடத் தரையில் மோதவில்லை, மாமாவின் பழக்கம் அப்படி. மரத்துக்கு இந்தப் பக்கம் மணலைக் கொட்டிப் பரப்பினார்கள். பத்தவில்லை என்று இன்னும் கொண்டுவந்தார்கள். நான் சுற்றிக்கொண்டே என் படுக்கை தயாராவதைப் பார்த்தேன்.

"இப்ப விழுங்க மாப்ள! மெல்ல விழுங்க!"

மெல்ல விழுவது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தேன். 'பொத்'தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பொறி வரவில்லை. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு அக்கா என் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள்.

மரத்தடியில் உட்கார்ந்தேன். நனைந்த பத்திரிகை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. மாமா என் எதிரில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, என் காலையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார். ஜோதி தூக்குவாளியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன்.

"நெசத்தச் சொல்லுங்க" என்றார் கடைசியில். "அளவு பாக்காமயா வாங்குனீக?"

டைரி, சரஸ்வதி, பட்டு வேட்டி, ஒரே விலை எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்புட்டு நேரம் கீழ விடாமச் சுத்துனீகளே, எப்புடி?"

"நிதானமெல்லாம் இல்ல மாமா. பயம்."

மாமா முதல்முறையாக மூச்சை விட்டார். "டம்ளர ணங்குன்னு வச்சவனுக்குப் பயமே கெடையாது மாப்ள. அதான் எனக்குப் புடிக்கல. பயம் இருக்கவன்தான் எங்க தொழில்ல வீடு வந்து சேருவான்." பிறகு என் சட்டைக்குள் கைவிட்டுப் பத்திரிகையை மெதுவாக உரித்தெடுத்தார். மை கலைந்து என் பெயர் இருந்த இடத்தில் நீலக் கறை. "பொண்ணு பேரு நல்லா விழுந்திருக்கு" என்றார். ஜோதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

சைக்கிளை ஒரு நெட்டை மனிதருக்குத் தள்ளிவிட்டேன். தீபாவளி முடிந்து கல்யாணம் நடந்தது. சீர்வரிசையில் பழத்தட்டு, பலகாரத்தட்டு, பித்தளை அண்டாவுக்குப் பின்னால், மாமா தன் கையாலேயே ஒன்றைச் சுமந்து வந்து, சத்தமில்லாமல் என் காலடியில் வைத்தார். சிவப்பு வாளி, நிறைய மணல். முகூர்த்தத்துக்கு வந்த ஆலைப் பெண்கள் போட்ட குலவையில் நாதஸ்வரம் காணாமல் போனது.

அந்த வாளி இன்னும் எங்கள் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. போன தீபாவளிக்கு மகளுக்குச் செருப்பு எடுக்கப் போனோம். கடைக்காரர் இரண்டு ஜோடியை எடுத்து வைத்து, "ரெண்டும் ஒரே விலைதான் சார்" என்றார். என் கை என்னையும் அறியாமல் பெரியதை நோக்கி நீண்டது. மகள் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "யம்மா, மணலக் கொட்டிருவமா?"